பெண்களின் முகத்து முடி: சந்தைச் சரக்கா, பொது சுகாதாரக் கேள்வியா?

2024 ஏப்ரல் மாதம் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு முடிவுகள் வெளியாயின. 98.5 விழுக்காடு மதிப்பெண்களுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றவர் ஒரு மாணவி. அவருடைய ஒளிப்படம் நாளேடுகளில் வெளிவந்ததும் சமூக ஊடகங்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. மேலுதட்டிலும் கன்னத்திலும் இருந்த முடியைப் பற்றிப் பேசின. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்திருந்தால் இந்த ஏளனத்துக்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்ற பொருளில் அம்மாணவி ஊடகங்களிடம் சொல்ல நேர்ந்தது. ஒரு மாநிலமே கொண்டாட வேண்டிய பிள்ளையை, தன் வெற்றிக்காக வருந்தும் நிலைக்கு இச்சமூகம் தள்ளியது.

கதை அத்துடன் முடியவில்லை. பெயரில் பம்பாயைத் தாங்கிய ஒரு சவரப் பொருள் நிறுவனம், அம்மாணவியின் பெயரைக் குறிப்பிட்டு நாளேட்டில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. அவருக்கு ஆறுதல் கூறிய அந்த விளம்பரம், பிறர் கேலிக்கு அஞ்சி எங்கள் ரேஸரை ஒருபோதும் வாங்க வேண்டாம் என்ற பொருள்பட முடிந்தது. கீழே நிறுவனத்தின் பெயரும் இருந்தது. ஒரு சிறுமியின் அவமானம் விற்பனை வாய்ப்பாக மாற்றப்படுவதைக் கண்டு பலரும் கொதித்தெழுந்தனர்.

ஏளனம் செய்தவர்களும் ஆறுதல் கூறிய நிறுவனமும் எழுப்பாத கேள்விகள் சில உண்டு. பெண்ணின் முகத்தில் முடி ஏன் வளர்கிறது? அதை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது? நீக்குவதென்றால், பாதுகாப்பான முறை ஓர் உழைக்கும் பெண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா? அழகுக் குறிப்புப் பக்கங்களுக்கு ஒதுக்கிவிடப்பட்ட இக்கேள்விகள், உண்மையில் இடதுசாரி இயக்கத்தின் மேசைக்கு வர வேண்டியவை.

மும்பை காட்டும் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசிய இனப்பெருக்க, குழந்தை சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் மும்பை பரேலில் உள்ளது. அதன் ஆய்வாளர்கள் மும்பையைச் சேர்ந்த 15 முதல் 24 வயது வரையிலான பெண்களிடையே நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பிசிஓஎஸ் என்று அழைக்கப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, ராட்டர்டாம் அளவுகோலின்படி 22.5 விழுக்காட்டினரிடமும், அதைவிடக் கடுமையான மற்றோர் அளவுகோலின்படி 10.7 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் பத்துப் பெண்களில் ஒருவர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நோய்க்குறி உள்ளது. அவர்களில் 70 விழுக்காடு வரையிலானோருக்கு நோய் கண்டறியப்படுவதே இல்லை.

பெண்ணின் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இயல்பாகவே சுரக்கிறது. அதன் அளவு கூடினாலோ, மயிர்க்கால்கள் அதற்குக் கூடுதலாக எதிர்வினை ஆற்றினாலோ, பூனை முடியாக இருந்தது கறுத்துத் தடித்து மேலுதட்டிலும் தாடையிலும் கழுத்திலும் வெளிப்படுகிறது. இவ்வாறு மிகையாக முடி வளரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பிசிஓஎஸ்தான். மாதவிடாய் தவறுதல், கருத்தரிப்பதில் சிக்கல், பிற்காலத்தில் சர்க்கரை நோய் ஆகியவற்றோடு தொடர்புடைய கோளாறு இது. அதே வேளையில், எந்த நோயும் இல்லாமல் பரம்பரை காரணமாக மட்டுமே முகத்தில் முடி கொண்ட பெண்களும் ஏராளம். ஆகவே முகத்து முடி சிலருக்கு உடல் விடுக்கும் எச்சரிக்கை. பலருக்கு வெறும் இயல்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியது மருத்துவரின் பணி. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான பெண்கள் முதலில் சென்று நிற்பது பார்லரின் வாசலில்.

மும்பைத் தமிழர் வாழும் பகுதிகளில் இதன் வர்க்க முகத்தைத் தெளிவாகக் காணலாம். மாட்டுங்காவின் வசதி படைத்த குடும்பங்களில் மகளின் திருமணப் பேச்சு தொடங்கும்போது முகத்து முடியும் ஒரு செலவுக் கணக்காகிறது. தனியார் தோல் மருத்துவமனையில் லேசர் சிகிச்சைக்கான பணம் புரட்டப்படுகிறது. செம்பூரின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நடுத்தர வர்க்க அடுக்ககங்களிலும் மாதம் ஒருமுறையோ இருமுறையோ பார்லர் நூலுக்கும் மெழுகுக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. தாராவியில் அப்பளம் இடும் பெண்ணும், விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் அனுப்பும் பெண்ணும், தையல் பட்டறையில் குனிந்திருக்கும் பெண்ணும், மாட்டுங்கா வீடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணும் பாட்டி சொல்லிச் சென்ற கஸ்தூரி மஞ்சளையும் குப்பைமேனி இலையையும் நம்புகிறார்கள். அல்லது கணவனின் பிளேடை எவருக்கும் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தாராவியை ஒட்டி, மாநகராட்சியின் லோகமான்ய திலகர் பொது மருத்துவமனை சயானில் இருக்கிறது. தாராவிக்குள்ளேயே அதன் நகர்ப்புற சுகாதார மையம் ‘சோட்டா சயான் மருத்துவமனை’ என்ற பெயரால் அறியப்படுகிறது. எனினும் வெளிநோயாளர் வரிசையில் நிற்பதென்றால் ஒருநாள் கூலி போகும். முகத்தில் முடி வளர்கிறது என்பதற்காகக் கூலியை இழக்கலாமா என்ற கேள்வி அவளை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. அந்த முடியின் பின்னே சர்க்கரை நோய் காத்திருக்கக்கூடும் என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை.

எந்த முறை, யாருக்கு?

முடியை நீக்க விரும்பும் பெண்ணுக்குச் சரியான தகவல் கிடைப்பது அடிப்படை உரிமை. விளம்பரங்கள் மறைக்கும் செய்திகளை இயக்கத்தின் ஏடுகள் சொல்லியாக வேண்டும்.

மிக மலிவான முறை சவரம். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் இதை ஆராய்ந்து, சவரத்தால் முடியின் நிறமோ தடிப்போ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். நுனி வெட்டுப்பட்டு மழுங்குவதால் தொடும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. சுத்தமான, தனக்கென வைத்துக்கொண்ட பிளேடும் ஈரமான தோலும் இருந்தால் முகத்தில் சவரம் செய்வது பாதுகாப்பானது. அதைத் தடுத்து நிற்பது, மீசையை மழிப்பது ஆண்களுக்கு உரியது என்ற வெட்கம் மட்டுமே.

நூல் இழுத்தலும் மெழுகும் முடியை வேரோடு பிடுங்குகின்றன. ஆகவே சில வாரங்கள் வரை பலன் நிற்கும. ஆனால் இந்தியத் தோலில் ஒவ்வொரு சிறு காயமும் கரும்புள்ளியாகத் தங்கிவிடும் இயல்பு அதிகம். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாவதும் உண்டு. ஒருவரின் முகத்தில் பட்ட நூலை அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் மருக்கள் முதலான தொற்றுகள் பரவும். முகப்பருவுக்காக ரெட்டினாய்டு வகைக் களிம்போ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மெழுகைத் தவிர்க்க வேண்டும். தோல் உரிந்து வந்துவிடும்.

முடி நீக்கும் களிம்புகளில் உள்ள தயோகிளைகோலேட் உப்புகள் முடியின் புரதப் பிணைப்புகளை அறுத்து அதைக் கரைக்கின்றன. தோலும் புரதத்தால் ஆனதே என்பதால் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைத்திருக்கக் கூடாது. கை கால்களுக்கென விற்கப்படும் களிம்பை முகத்தில் தடவுவது தவறு. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் காத்திருப்பது நல்லது. பிளீச்சிங் முடியை நீக்குவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதன் நிறத்தை மட்டும் வெளுக்கச் செய்கிறது. கறுத்த தோலில் வெளுத்த முடி மேலும் எடுப்பாகத் தெரிவதும், தோல் எரிச்சல் கண்டு கருத்துப் போவதும் பலருடைய அனுபவம்.

அதிகம் விற்கப்படுவதும் அதிகம் விளக்கப்படாததும் லேசர். முடியிலுள்ள மெலனின் என்னும் நிறமி ஒளியை உள்வாங்கிச் சூடாகி, மயிர்க்காலைச் சிதைப்பதே அதன் செயல்முறை. வெள்ளைத் தோலிலுள்ள கறுப்பு முடிக்கு இது எளிது. மாநிறத்தவருக்கும் கறுத்த தோலுடையவருக்கும் தோலிலேயே மெலனின் மிகுந்திருப்பதால் ஒளியைத் தோலும் உள்வாங்கித் தீப்புண் ஏற்படலாம். எனவே கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது; அனுபவமுள்ள கையில் 810 நானோமீட்டர் டையோடு லேசரும் பயன்படுகிறது. வீட்டிலேயே பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் ஒளித்துடிப்புக் கருவிகள் மிகக் கறுத்த தோலுக்கு ஏற்றவை அல்ல. ‘எந்த லேசர், என்ன அலைநீளம்?’ என்று கேட்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

லேசர் ஒரே அமர்வில் முடியும் வேலையும் அல்ல. பல வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் தேவைப்படும். இயக்குநீர்க் கோளாறு சரிசெய்யப்படாவிட்டால் முடி திரும்பவும் முளைக்கும். நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் நூலும் மெழுகும் கூடாது. வேர் இருந்தால்தான் ஒளிக்கு இலக்கு இருக்கும். சவரம் மட்டும் செய்துகொள்ளலாம். இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு, குறிப்பாகக் கறுத்த தோலும் இயக்குநீர்க் கோளாறும் கொண்ட பெண்களுக்கு, கன்னத்திலும் கழுத்திலும் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முன்பைவிட அதிகமாக முடி வளர்வதுண்டு. மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ள இவ்விளைவு, ‘நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரப்படுத்தும் பலகைகளில் இடம்பெறுவதில்லை. மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி ஒவ்வொரு வேராக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் எந்த நிற முடிக்கும் பொருந்தும், நிரந்தரமானதும்கூட. ஆனால் நீண்ட காலமும் தேர்ந்த கையும் அதற்குத் தேவை.

பிசிஓஎஸ் காரணம் என்றால் மருத்துவர் பரிந்துரைக்கும் இயக்குநீர் மாத்திரைகளே சிகிச்சையின் அடித்தளம். பலன் தெரியக் குறைந்தது ஆறு மாதமாகும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகளைக் கருவுற்றிருக்கும்போது எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வாரங்களிலேயே முடி வேகமாக வளர்ந்து, குரல் தடித்து, தலைமுடி உதிர்ந்து, மாதவிடாயும் நின்றுபோனால் எந்தப் பார்லருக்கும் செல்லாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஆக, எந்த முறை என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முடி வளர்வதன் காரணம், தோலின் தன்மை, கையிலுள்ள பணம். முதலாவதைக் கண்டறிய அரசு மருத்துவமனை வேண்டும். இரண்டாவதுக்கு ஏற்ற கருவியை உறுதிசெய்ய ஒழுங்குமுறை வேண்டும். மூன்றாவது கூலியைப் பொறுத்தது. இவற்றில் எதையும் ஒரு பெண் கண்ணாடி முன் தனியாக நின்று தீர்த்துவிட முடியாது.

இலாபம் எழுதிய வரலாறு

பெண்ணின் முகத்து முடி எல்லாக் காலத்திலும் இழிவாகக் கருதப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கஜார் மன்னர்கள் ஆண்ட ஈரானில், பெண்ணின் மேலுதட்டில் அரும்பும் மெல்லிய முடி அழகின் அடையாளமாக ஓவியங்களில் தீட்டப்பட்டது. முடியற்ற பெண்முகமே இயல்பானது என்ற கருத்தைப் பரப்பியதில் 20ஆம் நூற்றாண்டின் சவரத் தொழிலுக்கும் அழகுசாதனத் தொழிலுக்கும் பெரும்பங்கு உண்டு. 1915இல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கெனத் தனி ரேஸரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆண்களின் முகம் ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட சந்தை. அதற்கடுத்துப் பெண்ணுடல் புதிய சந்தையாயிற்று.

அந்தச் சந்தை பெண்களின் உயிரோடு விளையாடியது. 1920களில் அமெரிக்காவில் ‘டிரைக்கோ’ என்ற பெயரில் எக்ஸ்ரே கருவிகள் அழகு நிலையங்களில் நிறுவப்பட்டன. முகத்து முடியை வலியின்றி நீக்கும் என்று நம்பிச் சென்ற பெண்கள் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணாகி, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ‘கோரெம்லு’ என்ற களிம்பு விற்கப்பட்டது. அதில் இருந்தது எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட தாலியம் உப்பு. அதைத் தடவிய பெண்கள் தலைமுடியை இழந்தனர். பலருக்குக் கைகால் விளங்காமலும் பார்வை மங்கியும் போயிற்று. இத்தகைய கொடுமைகள் அம்பலமான பிறகே, 1938இல் அமெரிக்கா அழகுசாதனப் பொருட்களையும் சட்டக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. சந்தை தானாகத் திருந்தியதாக இவ்வரலாற்றில் ஒரு பக்கமும் இல்லை.

இலாப நோக்கின் கோர முகத்தை இவற்றைவிடவும் வெளிப்படையாகக் காட்டுவது எஃப்லார்னிதைன் என்னும் மருந்தின் கதை. ஆப்பிரிக்காவின் ஏழை மக்களைக் கொல்லும் உறக்க நோய்க்கு அது அருமருந்து. மயக்கத்தில் கிடந்தவர்களையும் எழுப்பியதால் உயிர்த்தெழ வைக்கும் மருந்து என்றே அழைக்கப்பட்டது. 1990இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றும், வாங்குவோர் ஏழைகள் என்பதால் இலாபமில்லை என்று அதன் உற்பத்தி 1990களில் கைவிடப்பட்டது. நோயாளிகளுக்கு எஞ்சியது மெலார்சோப்ரால் என்னும் ஆர்செனிக் கலந்த பழைய மருந்து. அதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் அந்த மருந்தாலேயே மாண்டனர்.

2000ஆம் ஆண்டில் அதே எஃப்லார்னிதைன் மீண்டும் சந்தைக்கு வந்தது, ஆப்பிரிக்கர்களுக்காக அல்ல. பெண்களின் முகத்து முடி வளர்ச்சியை மட்டுப்படுத்தும் களிம்பாக அது வந்தது. அக்களிம்பும் முடியை நீக்குவதில்லை. தடவுவதை நிறுத்தினால் சில வாரங்களில் வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஓர் உயிரைக் காக்க இல்லாத உற்பத்தி, ஒரு மேலுதட்டை மெருகேற்ற எப்படி வந்தது என்ற கேள்வியை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உலகெங்கும் எழுப்பியது. அந்த நிர்ப்பந்தத்தின் விளைவாக 2001இல் அவென்டிஸ் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்துடன் உடன்பாடு செய்து உறக்க நோய்க்கான மருந்தை மீண்டும் வழங்கியது. இதில் குற்றவாளி களிம்பு வாங்கிய பெண் அல்ல. எதை உற்பத்தி செய்வது என்பதை மனிதத் தேவை தீர்மானிக்காமல் இலாபம் தீர்மானிக்கும் அமைப்பே குற்றவாளி.

இந்தியாவின் அனுபவமும் வேறல்ல. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் யூனிலீவர் 1975 முதல் விற்றுவந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் பெயரை, நிறவெறிக்கு எதிராக உலகம் முழங்கிய 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றியது. மாறியது பெயர், தோலைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை மீது கட்டப்பட்ட வணிகம் மாறவில்லை.

நூல் பிடிக்கும் கைகள்

முகத்து முடி நீக்கத்தில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்: நூலைப் பற்களிடையே கடித்து, நாள் முழுதும் குனிந்து நின்று, கழுத்து வலியோடு வீடு திரும்பும் பார்லர் தொழிலாளி. எழுத்துப்பூர்வமான நியமனமோ, வார விடுப்போ, பிரசவ விடுப்போ இத்தொழிலில் பெரும்பாலோருக்கு இல்லை.

இத்தொழிலிலும் பணம் புழங்கும் மேல்தட்டு ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் அட்டை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்கள் சிகை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்று தொழிற்சங்க விதியே பல பத்தாண்டுகளாக இருந்தது. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை அரசமைப்புக்கு விரோதமானது என்று அடித்து நொறுக்கியது. தொழிலாளர் சங்கம் என்ற பெயர் தாங்கிய அமைப்பே ஆணாதிக்கத்தின் காவலனாக நின்றது என்பது தொழிற்சங்க இயக்கம் மறக்கக் கூடாத பாடம்.

இப்போது செயலி வழி வேலை வந்திருக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வீட்டுக்காரர் கைப்பேசியில் பதிவு செய்தால், கனத்த பையைச் சுமந்துகொண்டு அழகுக்கலைத் தொழிலாளி வீட்டுக்கே வருகிறார். 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனி நிறுவனத்தின் குருகிராம் அலுவலகத்துக்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டு நின்றனர். உயர்ந்த கமிஷன், நிறுவனத்திடமே பொருட்களை வாங்கக் கட்டாயம், வாடிக்கையாளர் போடும் மதிப்பெண் குறைந்தால் தண்டனை ஆகியவற்றை அவர்கள் எதிர்த்தனர். நிறுவனம் சில சலுகைகளை அறிவிக்க நேர்ந்தது. டிசம்பரில் அவர்கள் மீண்டும் திரண்டபோது நிறுவனம் தன் தொழிலாளர்கள் மீதே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ‘கூட்டாளி’ என்று அழைக்கப்பட்டவர்கள் போராடியதும் பிரதிவாதிகள் ஆயினர். பெண்ணின் முகத்தை மென்மையாக்கும் தொழிலில் வர்க்கப் போராட்டம் மென்மையாக நடப்பதில்லை.

இரண்டு தவறான நிலைப்பாடுகள்

இவ்விஷயத்தை எழுப்பினால் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு மறுப்புகள் வருவதுண்டு. முதலாவது, இது வசதி படைத்தவர்களின் அழகுப் பிரச்சினை. வீடும் கூலியும் இல்லாத மக்களிடம் இதைப் பேசலாமா என்பது. மும்பை ஆய்வின் கணக்கே இதற்குப் பதில். நோய்க்குறி வர்க்கம் பார்த்து வருவதில்லை. சிகிச்சைதான் வர்க்கம் பார்த்துக் கிடைக்கிறது. துணிக்கடையின் விற்பனைப் பெண் முதல் வரவேற்பு மேசை ஊழியர் வரை ‘பொலிவான தோற்றம்’ கேட்கும் வேலைகளில், முகத்து முடி பெண்ணின் பிழைப்பையே தீர்மானிக்கிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: முடி நீக்குவதே ஆணாதிக்கத்துக்கு அடிபணிவது, முற்போக்கான பெண் அதைச் செய்யக் கூடாது என்பது. பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்று ஆணையிடும் இன்னொரு குரலாகவே இது முடிகிறது. அலுவலகத்தில் ஏளனத்தைச் சந்திக்கும் பெண்ணிடம், தனியொருத்தியாக நின்று சமூகத்தை மாற்று என்று சொல்வது எளிது. ஏளனம் செய்பவனைத் தடுப்பதே கடினமான, ஆனால் சரியான பணி. முடியை வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு மரியாதையும், நீக்க விரும்பும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் ஒருசேரக் கோருவதே இடதுசாரி நிலைப்பாடாக இருக்க முடியும்.

பெண்ணுடலை அளந்து பார்க்கும் அதிகாரம் கேலியோடு நிற்பதில்லை என்பதைத் தமிழ் மக்கள் நன்கறிவர். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ‘மீசை முளைத்தவள்’ என்று தெருவில் எழும் கேலியும், பெண்தானா என்று கேட்கும் சோதனைக்கூடமும் ஒரே வேரில் கிளைத்தவை.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

மிகை முடி வளர்ச்சி, மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றுக்கான சோதனையும் மருந்தும் மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார மையங்களிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் கறுத்த தோலுக்கு ஏற்ற லேசர் கருவிகள் இருக்க வேண்டும். இதை ஆடம்பரம் என்று ஒதுக்குவோருக்குச் சட்டமே பதிலளிக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, அறுவை சிகிச்சை, இயக்குநீர் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்கச் சொல்கிறது. முகத்து முடியை நீக்குவது மருத்துவத் தேவையாக இருக்கலாம் என்பதைச் சட்டம் ஒருமுறை ஏற்றுவிட்டது. திருநங்கையருக்கு அந்த ஏட்டுச் சலுகை நடைமுறையில் கிடைக்கச் செய்வதும், நோயால் அவதியுறும் மற்றப் பெண்களுக்கு அதை விரிவுபடுத்துவதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள்.

லேசர் கருவியை யார் இயக்கலாம், என்ன பயிற்சி வேண்டும், தீப்புண் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பவை சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். பார்லர், செயலித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும், ஈட்டுறுதியும், சங்கம் சேரும் உரிமையும் வேண்டும். அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ள தாராவி மறுசீரமைப்பில், ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தி வெளியேற்றப்படும் பெண்கள் வீட்டை மட்டும் இழப்பதில்லை. நடந்து செல்லும் தொலைவிலிருந்த சயான் மருத்துவமனையையும் இழக்கிறார்கள். குடியிருப்புக்கான போராட்டம் சுகாதாரத்துக்கான போராட்டமும் ஆவது இங்குதான்.

கோரிக்கை மனுவோடு கட்சி உறுப்பினர்களின் கடமை முடிந்துவிடாது. கிளைக் கூட்டத்தில், தொழிற்சங்க அலுவலகத்தில், வீட்டில் ஒரு பெண்ணின் முகத்தைச் சுட்டி எழும் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பதும், அதைக் கண்டிப்பதும் ஒவ்வோர் ஆண் தோழரின் பொறுப்பு. மாதர் அமைப்புகள் குடியிருப்புகள்தோறும் நடத்தும் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, எந்தப் பெண்ணும் வெட்கமின்றி இதைக் கேட்கத்தக்க ஒரு பெண் மருத்துவரை அமர்த்த வேண்டும். பிளேடை ஒளித்துவைக்கும் தாராவிப் பெண், தன் உடலைப் பற்றிய உண்மையை மருத்துவரின் வாயால் கேட்டறியும் நாளில்தான், வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பது அவளுடைய சொந்த முடிவாகும்.